முகப்பருவுக்கு ரெட்டினாய்டு ஜெல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் அல்ல. மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கல்லூரிக் காலத்தில் எட்டிப் பார்க்காத பரு இருபத்தேழாவது வயதில் தாடையோரம் வரிசை கட்டி வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்த கையோடு ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். பொறுக்க முடியாமல் தோல் மருத்துவரிடம் போனேன். அன்று அவர் எழுதித் தந்த ஜெல்லை ஆறு ஆண்டுகளாகத் தடவி வருகிறேன். நடுவில் இரண்டு முறை கோபித்துக்கொண்டு விட்டதும் உண்டு. பிறகு என் தம்பி தொடங்கினான், அண்ணி தொடங்கினார், அச்சகத்தில் மூன்று பேர் தொடங்கினார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை சதவீதம் என்பதை உங்கள் முகத்தைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ரெட்டினாய்டு என்றால் என்ன?

வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள். பருவுக்காகத் தடவத் தருபவற்றில் ட்ரெட்டினாயின், அடாபலீன், டாசரோட்டீன், டிரைஃபரோட்டீன் என்று நான்கு பெயர்கள் காதில் விழும். நம் ஊர் மருத்துவர்களின் சீட்டுகளில் அதிகம் காணப்படுபவை முதல் இரண்டும்தான்.

மூத்தது ட்ரெட்டினாயின். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய சகாக்களும் 1969-இல் இதைப் பருவுக்குப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டார்கள். 1971-இல் ரெட்டின்-ஏ என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தக் கிளிக்மன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்கில் பலவகைச் சோதனைகள் நடத்தியவர். அவை 1974-இல்தான் நின்றன. அந்த நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்க 2022 ஆயிற்று. பெரும்பாலும் கறுப்பினத்தவரான அந்தக் கைதிகளை நினைக்காமல் இந்த மருந்தின் வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடாபலீன் 1996-இலும், டாசரோட்டீன் 1997-இலும், டிரைஃபரோட்டீன் 2019-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அழகுசாதனக் கடைகளில் விற்கும் ரெட்டினால் இவற்றின் தூரத்து உறவு. தோல் அதை இரண்டு படிகளில் மாற்றிய பிறகுதான் வேலை செய்யும் பொருள் கிடைக்கிறது. ஆகவே அதன் வலு குறைவு.

பரு இருக்கும் இடத்தில் மட்டும் வைத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இன்று காலை கண்ணாடியில் நீங்கள் பார்த்த பரு இன்று முளைத்ததன்று. மயிர்க்கால் துளையின் உள்சுவரில் இறந்த செல்கள் உதிர்ந்து வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ப்பசை அவற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் அடைப்பு உண்டாகிறது. அது வாரக்கணக்கில் உள்ளேயே வளர்ந்து கரும்புள்ளியாகவோ வெள்ளைமுனையாகவோ தலைகாட்டுகிறது. பிறகு பாக்டீரியாவும் வீக்கமும் சேர்ந்து சிவந்த பருவாகிறது. (வெள்ளைமுனையை வெண்புள்ளி என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை சிவப்புப் பேனாவைத் தேடும். வெண்புள்ளி என்பது தோல் நிறமிழக்கும் வேறொரு நிலைக்கு வழங்கும் பெயர்.)

ரெட்டினாய்டு செல்லுக்குள் போய், உதிரும் வேலை ஒழுங்காக நடக்கும்படி செய்கிறது. அதாவது அடைப்பே உண்டாகாமல் பார்த்துக்கொள்கிறது. இன்றைய பருவைவிட அடுத்த மாதப் பருவுக்கே இது மருந்து. என் அப்பா நெல் வயலில் நடவு முடிந்த சில நாளிலேயே, களை தலைகாட்டுவதற்கு முன்பே, களைக்கொல்லி போடுவார். வயல் முழுக்கப் போடுவார், ஏனென்றால் விதை எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முகமும் அப்படித்தான். பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிசாகப் பரவ வேண்டும்.

நான் முதல் மூன்று வாரம் பரு மேல் மட்டும் புள்ளி வைத்தேன், அதுவும் தாராளமாக. பரு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மட்டும் தோல் வட்டவட்டமாக வெந்துபோனது.

அடாபலீனா, ட்ரெட்டினாயினா? எது நல்லது?

"எது ஸ்ட்ராங்?" என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். மிளகாய்த்தூள் வாங்குவது போல. 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லையும் 0.025 சதவீத ட்ரெட்டினாயின் ஜெல்லையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பலன் ஏறத்தாழ ஒரே அளவாகவும் எரிச்சல் அடாபலீனில் குறைவாகவும் இருந்தன. அதனால் பலர் அடாபலீனில் தொடங்குகிறார்கள். வெளிச்சம் பட்டாலும் அது எளிதில் கெடாது. ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் சிதையும், இரவில் தடவச் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

எனக்கு அடாபலீனே போதுமாக இருந்தது. அண்ணிக்கு ஆறு மாதம் கழித்து ட்ரெட்டினாயினுக்கு மாற்றினார்கள். ஜெல்லைவிட க்ரீம் வறண்ட தோலுக்கு இதமானது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சதவீதத்தை ஏற்றுவதைவிட, இருப்பதை விடாமல் தடவுவதுதான் கடினம்.

எவ்வளவு எடுக்க வேண்டும்? எப்படித் தடவுவது?

முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. காய்ந்த பட்டாணி. ஊறவைத்துச் சுண்டலுக்குப் போட்டது அல்ல.

என் வழக்கம் இது. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும், நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷால் முகம் கழுவுவேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். பிறகு இருபது நிமிடம் காத்திருப்பேன். ஈரம் இருக்கும்போது தடவினால் எரிச்சல் கூடுவதை என் கன்னத்தில் கண்டிருக்கிறேன். காத்திருக்கப் பொறுமை இல்லாத நாளில் மறுநாளுக்கு நறுக்க வேண்டிய காயை நறுக்கி வைப்பேன். (பச்சை மிளகாயை மட்டும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.) பிறகு பட்டாணி அளவு ஜெல்லை விரலில் எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று நாலைந்து பொட்டு வைத்து, அங்கிருந்து பரப்புவேன். கண்ணிமை, மூக்கோரப் பள்ளம், உதட்டு முனை ஆகிய மூன்றுக்கும் போகக் கூடாது. போனால் மறுநாள் கொட்டாவி விடும்போது தெரியும்.

அந்த மூன்று இடங்களிலும் முன்கூட்டியே கொஞ்சம் வாசலைன் தடவி வைத்துக்கொண்டால் ஜெல் ஊர்ந்து போகாது. கடைசியாக மாய்ஸ்சரைசர். எளிதில் எரியும் தோலுள்ளவர்கள் மாய்ஸ்சரைசர், ஜெல், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று அடுக்குகிறார்கள். இட்லித் தட்டில் துணி போடுவது மாதிரி, இடையில் ஒன்று இருந்தால் அடிப்பிடிக்காது.

தினமும் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுகள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் ஒத்துக்கொண்டால் தினமும். இப்படித் தடவியதில் என் 15 கிராம் டியூப் ஏறக்குறைய இரண்டு மாதம் வந்தது. உங்களுடையது மூன்றே வாரத்தில் தீர்ந்தால் அளவில்தான் தவறு.

இரண்டாவது வாரம். தோல் உரிகிறது, காந்துகிறது. நிறுத்திவிடட்டுமா?

எந்த அளவுக்கு என்று பாருங்கள். வாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உரிவது, முகம் கழுவும்போது லேசாகக் காந்துவது, இழுத்துப் பிடித்தாற்போல இருப்பது ஆகியவை முதல் நான்கு வாரத்தில் சகஜம். அதற்கு நிறுத்தவேண்டாம். இடைவெளியைக் கூட்டுங்கள், மாய்ஸ்சரைசரைக் கூட்டுங்கள்.

வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது, தோல் வெடிக்கிறது, நீர் கசிகிறது, இமை வீங்குகிறது என்றால் மருந்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கசந்தால்தான் கஷாயம் என்பது போல. தொடக்க கால ட்ரெட்டினாயின் தயாரிப்புகள் கடும் எரிச்சல் தருபவை, அதிலிருந்து இந்த எண்ணம் வந்திருக்கலாம். ஆனால் உரியாமலே பலன் பெற்றவர்கள் நிறையப் பேர். என் தம்பிக்கு ஒரு பொருக்குகூட எழவில்லை. அவன் முகம்தான் எங்கள் எல்லாரையும்விடச் சீக்கிரம் தெளிந்தது. எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

உரியும் தோலை நகத்தால் கிள்ளி எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அதற்கான பதில் கீழே, கறுப்புத் தடம் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

மருந்து தொடங்கிய பிறகு பரு கூடிவிட்டதே?

சிலருக்குக் கூடுகிறது. உள்ளே ஏற்கெனவே உருவாகியிருந்த அடைப்புகள் விரைவாக மேலே வருவதால் என்று சொல்கிறார்கள். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. எனக்கு மூன்றாம் வாரம் தொடங்கி ஆறாம் வாரம் வரை இருந்தது. அந்த நாள்களில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. வளையல் போட்டுக்கொண்டவளைவிட என் முகத்தைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

நான் பின்பற்றிய அளவுகோல் இது: வழக்கமாக வரும் இடத்திலேயே, வழக்கமான பருவாக வந்தால் பொறுத்திருந்தேன். இதுவரை வராத இடத்தில், அரிப்போடு, சின்னச்சின்னச் சிவப்புப் பொரிகளாக வந்தால் அது பரு அல்ல, தோல் மருந்தை எதிர்க்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டினேன். இரண்டு மாதம் தாண்டியும் கூடிக்கொண்டே போனால் எப்படியும் காட்ட வேண்டும்.

எத்தனை நாளில் தெரியும்?

பன்னிரண்டு வாரம். அதற்கு முன் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அதே ஜன்னல், அதே காலை வெளிச்சம் என்று படம் எடுத்து வைத்தேன். இரண்டாம் மாதப் படத்தைப் பார்த்து டியூப்பைக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலை குப்பை வண்டி வருவதற்கு முன் எடுத்துவிட்டேன், அதன் விலை நினைவுக்கு வந்ததால். நான்காம் மாதப் படத்தில் தாடை வரிசை காணாமல் போயிருந்தது.

அடுத்த மாதம் கல்யாணம். இப்போது தொடங்கலாமா?

வேண்டாம். முகூர்த்த நாளுக்கும் தோல் உரியும் நாளுக்கும் பொருத்தம் அமைந்துவிடும். நான்கைந்து மாதம் இருந்தால் தொடங்குங்கள். இல்லையென்றால் தேனிலவு முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

முகம் கறுத்துவிடுமா? ஏற்கெனவே இருக்கும் கறுப்புத் தடங்கள் போகுமா?

இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நிறத்துத் தோலுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. வெள்ளைத் தோலில் பரு ஆறினால் சிவப்புத் தடம் இருந்து மறையும். நம் தோலில் எந்தக் காயமும், எந்த வீக்கமும் நிறமிச் செல்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. பரு பத்து நாளில் போகும், அதன் கறுப்பு பத்து மாதம் இருக்கும். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பருவைவிடக் கறுப்பே பெரிய கவலை.

ரெட்டினாய்டு அந்தக் கறுப்பை மெல்ல மெல்லக் குறைக்கும். தோல் செல்கள் மாறும் வேகம் கூடுவதால் நிறமி சீக்கிரம் கழிகிறது. ஆனால் அதே மருந்தை அவசரப்பட்டு அளவுக்கு மேல் தடவி முகத்தைப் புண்ணாக்கினால், அந்த எரிச்சலே புதுக் கறுப்பை உண்டாக்கும். மருந்து கறுக்க வைத்தது என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். எனக்கும் நடந்தது. உரிந்த தோலைக் கிள்ளிய இடத்தில், வாயின் இடது ஓரம், புளியங்கொட்டை அளவில் ஒரு தடம். பரு வராத இடம் அது. பரு போய் ஓராண்டு ஆன பிறகும் அது மட்டும் இருந்தது.

அதனால் நம் ஊரில் இதை மெதுவாகத் தொடங்குவது பயந்தவர்களின் வழி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மற்றவர்களுக்கு அவசரத்தின் விலை ஒரு வாரத்து எரிச்சல், நமக்கு ஓராண்டுக் கறுப்பு.

பள்ளம் விழுந்த தழும்பு வேறு. அதைத் தடவும் மருந்து ஓரளவே சீர்செய்யும், மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படலாம்.

வெயிலில் போகவே கூடாதா?

மதுரையில் இருந்துகொண்டு அது எப்படி முடியும்? போகலாம், சன்ஸ்கிரீனோடு. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாதது, காலையில் ஒரு முறை, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

நான் தொடங்கிய இரண்டாவது மாதம் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியுமுன்னே போய்விட்டோம், இருட்டில் எதற்கு சன்ஸ்கிரீன் என்று தடவவில்லை. திரும்பும்போது மணி பதினொன்று. தண்ணீர் பீய்ச்சியடித்ததில் நனைந்த முகம், மேலே சித்திரை வெயில். மாலையில் கன்னம் இரண்டும் தோசைக்கல் மாதிரி தகித்தன. ஒரு வாரம் ஜெல்லைத் தொடவில்லை.

சன்ஸ்கிரீன் விபூதி பூசியது போல வெளுத்துத் தெரிகிறது என்பது நியாயமான குறை. துத்தநாக ஆக்சைடு அதிகமுள்ளவை அப்படித் தெரியும். ஜெல் வகையோ நிறம் கலந்ததோ நம் தோலுக்குப் பொருந்தும். நிறம் கலந்தவற்றில் உள்ள இரும்பு ஆக்சைடு, கறுப்பைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது.

மஞ்சள், பயத்தம்மாவு, எலுமிச்சை, தயிர் இவற்றைத் தொடரலாமா?

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அமிலம். பற்பசையும் அப்படியே, ஏன்தான் அதைப் பரு மேல் வைக்கிறோமோ. பயத்தம்மாவு, நலங்கு மாவு எல்லாம் எவ்வளவு சலித்தாலும் தேய்க்கும் பொருள்கள். ரெட்டினாய்டு தடவும் முகத்தைத் தேய்க்கக் கூடாது. உடம்புக்குத் தேய்த்துக் குளியுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள். என் அத்தை இதைக் கேட்டு ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்கினால் அது நெற்றிக்கும் தலையணைக்கும் இறங்கும். தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கக்கூடியது. என் நெற்றியோரப் பருக்கள், எண்ணெயைக் குளிக்கும் முன் மட்டும் வைக்கத் தொடங்கியதும் பாதியாகக் குறைந்தன. அதற்கு மருந்துச் செலவே இல்லை.

சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கொடுக்கிறார்களே?

அமெரிக்காவில் 0.1 சதவீத அடாபலீனை 2016 முதல் சீட்டில்லாமல் வாங்கலாம். இங்கே சட்டம் வேறு, நடப்பு வேறு. கடையில் அடாபலீன் கேட்டு அடாபலீனே கிடைத்தால் ஆபத்து பெரிதல்ல. "பருவுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பதில்தான் ஆபத்து.

தம்பி மருத்துவரிடம் போவதற்கு முன் அப்படித்தான் கேட்டான். ஒரு க்ரீம் வந்தது. ஐந்தாம் நாளே பரு அமுங்கி, முகம் பளிச்சென்று ஆனது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அம்மா தனக்கும் ஒன்று வாங்கி வரச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து க்ரீம் தீர்ந்து நான்கு நாள் ஆனதும் முகம் முழுக்கச் சிவந்து, அடுப்பு முன் நின்றாலே எரிகிறது என்றான். மறுபடி தடவினால் அடங்கியது, விட்டால் எரிந்தது. அப்போதுதான் டியூப்பை வாங்கிப் படித்தேன். என் வேலையே பொடி எழுத்தைப் படிப்பதுதான், வீட்டில் கிடந்ததை மட்டும் படிக்கவில்லை. தோல் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்.

கடைசிப் பெயர் ஸ்டீராய்டு. இந்த மூன்றின் கூட்டு மங்கு எனப்படும் கறுப்புப் படலத்துக்காக, மருத்துவர் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்குத் தரப்படுவது. இதன் மூலவடிவத்தை 1975-இல் வகுத்தவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே கிளிக்மன்தான். இந்தியாவில் இது சிவப்பழகு க்ரீமாகக் கைமாறுகிறது. அதில் ட்ரெட்டினாயினும் இருப்பதால், "நானும் ரெட்டினாய்டுதானே தடவுகிறேன்" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முகத்தில் ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், மெல்லிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முடி முளைக்கும், ஸ்டீராய்டாலேயே பரு வரும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு கட்டாயமான மருந்துகளின் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகும் நிலைமை பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை.

டியூப்பில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது பருவுக்கான மருந்து அன்று. ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவுகிறீர்கள் என்றால் ஒரே நாளில் விடாமல் தோல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். தம்பியின் முகம் பழைய நிலைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. ரெட்டினாய்டை அதன் பிறகுதான் தொடங்கினான்.

என் ஜெல்லில் இன்னொரு மருந்தும் கலந்திருக்கிறது. பரவாயில்லையா?

அடாபலீனோடு பென்சாயில் பெராக்சைடு கலந்திருந்தால் பாக்டீரியாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். துணியை மட்டும் வெளுக்கும். அண்ணியின் நீலத் தலையணை உறையில் இப்போது கன்னத்தின் வடிவத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறைக்கு மாறுங்கள். பழைய வகை ட்ரெட்டினாயினை இதோடு ஒரே நேரத்தில் தடவினால் அது சிதைந்துவிடும்.

கிளிண்டமைசின் கலந்திருந்தால் அது ஆன்டிபயாடிக். மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் நீட்டக் கூடாது, பாக்டீரியா பழகிவிடும்.

கர்ப்பமாக இருக்கும்போது?

கூடாது. திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். தடவும் மருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனாலும் இதே குடும்பத்தின் மாத்திரை கருவுக்குப் பெருந்தீங்கு செய்வதால் யாரும் துணிவதில்லை. தெரியாமல் சில நாள் தடவிவிட்டால் பதற வேண்டாம். நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அண்ணிக்கு அந்த மாதங்களில் ரெட்டினாய்டு அல்லாத அசெலாயிக் அமிலம் எழுதித் தந்தார்கள்.

அந்த மாத்திரையும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு பிள்ளை. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, வலியோடு கட்டி கட்டியாக வந்து தழும்பாகும் பருவுக்கு. இரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுப்பார்கள். பெண்கள் அந்தக் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாப்பிட்டு மீந்த அட்டையை வாங்கிச் சாப்பிடும் மருந்து அன்று.

த்ரெட்டிங், வேக்ஸிங், ஷேவிங்?

முகத்தில் வேக்ஸிங் வேண்டாம். மெழுகோடு தோலும் வந்துவிடும். த்ரெட்டிங்குக்கு ஐந்தாறு நாள் முன்பே அந்தப் பகுதியில் மருந்தை நிறுத்தினேன், புருவத்துக்குச் சிக்கலில்லை. மேலுதடு மட்டும் ஒரு முறை உரிந்தது. ஷேவ் செய்யும் ஆண்கள் காலையில் செய்துவிட்டு இரவில் தடவினால் போதும். தம்பி மாற்றிச் செய்து அலறியிருக்கிறான்.

எல்லாம் சரியாகச் செய்தும் பலன் இல்லையே?

அது வெறும் பருதானா என்று முதலில் பாருங்கள். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிக்கும் பொரிகளாக வந்தால் பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, தாடையில் முடி முளைக்கிறது, பருவும் இருக்கிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். அச்சகத்தில் மூவரில் ஒருத்திக்கு அதுதான். ஜெல்லைக் குறை சொல்லிக்கொண்டே ஓராண்டு கழித்துவிட்டாள்.

பரு போய்விட்டது. நிறுத்திவிடலாமா?

நான் இரண்டு முறை நிறுத்தினேன் என்று சொன்னேன் அல்லவா? முதல் முறை மூன்று மாதத்திலும் இரண்டாம் முறை இரண்டே மாதத்திலும் தாடை வரிசை திரும்பியது. அடைப்பு உண்டாகும் தன்மை தோலோடு இருப்பது, மருந்து அதை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். சிலருக்கு வயதோடு அது தானே அடங்கும். எனக்கு இப்போது வாரத்தில் மூன்று இரவு போதுமாக இருக்கிறது. உரிவதில்லை, எரிவதில்லை. வாயோரத்துப் புளியங்கொட்டை மங்கிவிட்டது, எங்கே என்று தெரிந்து தேடினால் கிடைக்கும்.

டியூப்பை எங்கே வைப்பது? ஃபிரிட்ஜிலா?

தேவையில்லை. வெயிலும் அடுப்புச் சூடும் படாத அலமாரி போதும். மூடியை இறுக்கி மூடுங்கள். குளியலறையில் பற்பசைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு மின்வெட்டு இரவில் தம்பி அதை எடுத்துப் பல் துலக்கத் தொடங்கிவிட்டான். நாலைந்து முறை வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "இனிமேல் எனக்குப் பல்லில் பரு வராது அல்லவா?" என்று கேட்டான். இந்தப் பக்கத்தில் நான் பதில் சொல்லாத கேள்வி அது ஒன்றுதான்.